பந்தய வண்டிப் பரிசோதனைக் குழு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் அதைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்க மறந்துவிட்டது. பல்லாயிரம் ஆண்டுகளாக நீடித்த அந்த வரலாற்றுப் பிழையைத் திருத்திய பெருமை, லிஃப்ட் பராமரிக்கும் எங்கள் நிறுவனத்தின் நான்காம் மாடி அலுவலகத்தையே சேரும். இதைத் தற்பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அலுவலகத்தின் விளம்பரப் பொறுப்பாளர் நான். பெருமை பேசுவது எனக்குச் சம்பளத்தோடு கூடிய கடமை.

எங்கள் மேலாளர் ஒரு வாரப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. போகும்போது மேலாளராகப் போனவர், வரும்போது 'தலைவ'ராக வந்தார். முகாமில் யாரோ ஒருவர், "ஒரு ஆபீஸ்ங்கிறது ஒரு பந்தய அணி மாதிரி" என்று பேசியிருக்கிறார். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். எங்கள் மேலாளர் பந்தய மோட்டார் சைக்கிள் வாங்கப் போனார்.

வண்டி பழையது. விற்றவர் 'செகண்ட் ஹேண்ட்' என்றார். பார்த்தால் அதற்கு மேலும் பல கைகள் பட்டு, கோபத்தில் சில கால்களும் பட்டிருப்பது தெரிந்தது.

"வண்டி தங்கம் சார்," என்றார் விற்றவர். "வீட்டுல அழறாங்களேன்னுதான் விக்கிறேன்."

"விக்கிறதுக்கா அழறாங்க?"

"இல்ல சார், நான் ஓட்டுறதுக்கு."

"பாசம்!" என்று மேலாளர் நெகிழ்ந்துபோய் வண்டியை வாங்கிவிட்டார்.

அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்கும் கால் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே வண்டி குடியேறியது. அன்றைக்கே 'பந்தய வண்டிப் பரிசோதனைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், மேலாளர். தொழில்நுட்ப ஆலோசகர், எங்கள் கணக்காளர். அவருடைய தகுதி, நிறைய வீடியோ பார்த்திருக்கிறார் என்பது. பழுது நீக்கும் பொறுப்பு, எங்கள் லிஃப்ட் மெக்கானிக்குக்கு. அவர் மட்டும் லேசாக முனகினார்.

"சார், நான் மேல கீழ போறதுதான் பாத்திருக்கேன். இது முன்னால போகுமே சார்."

"திசைதான்யா வேற. தொழில் ஒண்ணுதான்," என்றார் மேலாளர்.

இவ்வளவும் ஆனபிறகுதான் ஒரு சிறு நிர்வாகக் குறை தெரியவந்தது. வண்டியை ஓட்ட ஆள் இல்லை. மேலாளர் ஓட்டுவது கியர் இல்லாத ஸ்கூட்டர். கணக்காளர் பஸ்ஸில் வருகிறவர். மெக்கானிக்குக்குச் சைக்கிள். நான் பெரும்பாலும் என் தங்கையின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறவன். எனவே குழுவின் பார்வை என்மேல் பட்டு, என்னைத் தாண்டி என் தங்கையின்மேல் போய் நின்றது.

என் தங்கை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. வாரம் முழுக்கப் பயந்தாங்கொள்ளிகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வண்டி கொடுத்தால் பந்தயத்தில் ஓட்டுவாள். சின்ன வண்டிப் பந்தயங்களில் சில கோப்பைகள் வாங்கியிருக்கிறாள். பெரிய வண்டிப் பந்தயம் அவளுக்கு எட்டாக்கனி. ஓட்டத் தெரியாததால் அல்ல, வண்டி இல்லாததால். அந்த வருஷத்தின் கடைசிப் பெரிய பந்தயத்துக்கு அப்போது சில வாரங்கள் இருந்தன.

நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"நிஜமாவே ஓட்டக் குடுப்பாங்களா அண்ணா? கடைசி நேரத்துல வேற யாரையாவது ஏத்த மாட்டாங்களே?"

என்னிடம் எதையும் கேட்டுப் பழகாதவள். அன்று கேட்டாள். நான் விளம்பரப் பொறுப்பாளருக்குரிய உறுதியோடு, "எழுதி வாங்கித் தர்றேன்" என்றேன். எழுதியும் வாங்கினேன். எங்கள் அலுவலகத்தில் எழுத்துக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

மறுநாள் அடித்தளத்துக்கு வந்தவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். குந்தி உட்கார்ந்து சங்கிலியை ஆட்டிப் பார்த்தாள். சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்மா," என்றார் மேலாளர்.

"மாடு முட்டினா வைத்தியம் பாத்துக்கலாம் சார். இது முட்டினா ஆளைப் பொறுக்கணும்."

குழு இதைத் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று குறித்துக்கொண்டது.

முதல் பரிசோதனை, ஊருக்கு வெளியே விமானங்கள் கைவிட்டுப் போன ஓடுதளத்தில் நடந்தது. பழைய டயர்களை அடுக்கி வளைவுகள் அமைத்திருந்தோம். வண்டி கிளம்ப மறுத்தது. தள்ள முடிவாயிற்று. யார் எங்கே நின்று தள்ளுவது என்பதில் பதவி மூப்புப் பார்க்க வேண்டியிருந்ததால் சற்றுத் தாமதம். கடைசியில் மெக்கானிக்கும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். கணக்காளர் பக்கவாட்டில் ஓடிவந்து ஆலோசனை சொன்னார். மேலாளர் முன்னால் நின்று வழிகாட்டினார். வண்டி திடீரென்று உறுமிக் கிளம்பியபோது வழிகாட்டியவர் ஒரு குட்டிக்கரணம் போட்டு வழிவிட்டார்.

என் தங்கை இரண்டு சுற்றுப் போய்விட்டு வந்தாள்.

"போல்ட்டு பூரா லூசு சார். கால் வைக்கிற கம்பி கழண்டு வழியிலேயே விழுந்துடுச்சு."

"'லூசு'ங்கிற வார்த்தை குறிப்புல வர வேணாம்," என்றார் மேலாளர். "'நெகிழ்வுத்தன்மை'ன்னு எழுதுங்க."

எழுதினேன். அடுத்த பரிசோதனையில் இன்ஜினிலிருந்து எண்ணெய் கசிந்து அவள் காலணி நனைந்தது. அதை 'வெளிப்படைத்தன்மை' என்று எழுதினோம். சங்கிலி கழன்று ஓடியதை 'சுதந்திரச் சிந்தனை' என்று எழுதினோம். உள்ளபடியே சொல்கிறேன், எங்கள் அலுவலகம் வளர்க்க முயன்று தோற்ற அத்தனை நற்பண்புகளும் அந்த வண்டியிடம் இருந்தன.

ஆனால் என் தங்கைக்கு நற்பண்புகளோடு ஓட்டப் பிடிக்கவில்லை. வேலை முடிந்ததும் சாயங்காலங்களில் அடித்தளத்துக்கு வந்துவிடுவாள். மெக்கானிக்கும் அவளும் ஆளுக்கொரு ஸ்பானரோடு உட்கார்ந்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கி, மறுபடி கழலாமல் மெல்லிய கம்பியால் கட்டினார்கள். லிஃப்டுக்கு வைத்திருந்த ரப்பரை வெட்டி எண்ணெய்க் கசிவை அடைக்கப் பார்த்தார்கள். முதல் முறை ரப்பர் உருகி ஊற்றியது. இரண்டாம் முறை வேறு ரப்பர். அது நின்றது. இருவருமே கற்றுக்கொண்டுதான் செய்தார்கள். இருவருமே நிறையத் தப்பு செய்தார்கள். ஒருநாள் சைலன்சரை மாட்டிவிட்டு, அதற்கு முந்தி மாட்டியிருக்க வேண்டிய துண்டு ஒன்று கையிலேயே இருப்பதைப் பார்த்து, இருவரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். குழுவின் செயல்பாடுகளில் நான் பயன்பட்ட ஒரே இடம் அதுதான்.

வண்டி மெல்ல மெல்ல வண்டியாகிக்கொண்டு வந்தது. அவள் சாப்பிடும்போதுகூடக் கையால் கியர் மாற்றிப் பார்த்தாள். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

அதற்குப் பிறகு வந்த பரிசோதனையில்தான் அது நடந்தது. நேர்ப்பாதையில் பறந்து வந்தவள், இடப்பக்க வளைவுக்குள் வண்டியைச் சாய்த்தாள். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் குறையவில்லை. வண்டி வளைவைத் தாண்டி, டயர் வரிசையை உரசிக்கொண்டு, புல்தரைக்குள் பாய்ந்தது. சத்தம் சட்டென்று நின்றது. கைப்பிடியில் இன்ஜினை அணைக்கும் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திவிட்டாள்.

நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவள் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"ஆக்ஸிலேட்டர் திரும்பி வரலை," என்றாள் என்னைப் பார்த்து. "விட்டுட்டேன் அண்ணா, கையை விட்டுட்டேன். அது பாட்டுக்கு இழுக்குது."

மேலாளர் வண்டியைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இதுக்குக் கூட்டம் போடணும்."

கூட்டம் நான்காம் மாடியில், ஜன்னல் திறக்காத அந்த அறையில் நடந்தது. சிறப்பு அழைப்பாளராக என் தங்கையும் வந்திருந்தாள். அவளுக்குக் கடைசி நாற்காலி. கணக்காளர் பலகையில் வண்டியின் படம் வரைந்தார். அது ஏனோ ஒரு தையல் இயந்திரம் போல வந்தது.

"'ஆக்ஸிலேட்டர் திரும்பவில்லை' என்பது எதிர்மறை," என்று தொடங்கினார் மேலாளர். "'உற்சாகம் குறையவில்லை'ங்கிறதுதான் சரி."

"என்ன பேர் வேணா வைங்க சார்," என்றாள் என் தங்கை. "ஏன் அப்படி ஆகுதுன்னு எனக்கும் தெரியல. கார்புரேட்டரா இருக்கலாம், கேபிளா இருக்கலாம். பெட்ரோல் டேங்கைக் கழட்டி அடியில பாத்தாதான் தெரியும்."

கணக்காளர் வரைவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். டேங்கில் அந்த வாரம்தான் நிறுவனத்தின் சின்னத்தைப் புதுப் பெயிண்டில் வரைந்திருந்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை தலைமை இயக்குநர் நேரில் வந்து பார்க்கப்போகிறார்.

"டேங்கைத் தொட முடியாது," என்றார் கணக்காளர். "பெயிண்ட் காயணும்."

"நான் காயம் படாம இருக்கணும் சார்."

மேலாளர் கையை உயர்த்தினார். அவர் ஆழமாகச் சிந்திக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். திறந்தபோது தீர்வோடு திறந்தார்.

"பிரச்சினையோட வேரைப் பாக்கணும். வண்டி நல்லா ஓடிட்டு இருந்துச்சு. ஏன் நின்னுச்சு? பொத்தான் இருந்துச்சு, அமுக்கினாங்க, நின்னுச்சு. ஜெயிக்க வந்த வண்டியில நிறுத்துறதுக்கு எதுக்குய்யா பொத்தான்? அது தோல்வி மனப்பான்மை. கழட்டுங்க."

மெக்கானிக் எழுந்து நின்றார். "சார், லிஃப்ட்லகூட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கு சார்."

"தெரியும். அதை அடுத்த கூட்டத்துல எடுத்துக்கலாம்."

பொத்தானைக் கழற்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஒருவர் மட்டும் தூக்காவிட்டால் 'ஏகமனது' என்ற நல்ல சொல்லைப் பயன்படுத்த முடியாதே. என் தங்கை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு விஷயம் சார்," என்றாள் அவள் எழுந்து. "டேங்கைக் கழட்டிப் பாக்கணும். பொத்தான் இருக்கணும். இல்லேன்னா நான் ஏறமாட்டேன்."

"பரவாயில்லம்மா," என்றார் மேலாளர், அன்பு வழிய. "தலைமைன்னா முன்னால நிக்கிறது. ஞாயித்துக்கிழமை நானே ஓட்டறேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் அவள்தான் வண்டி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து, "அவரு சும்மா சொல்றாரு, ஓட்டமாட்டாரு" என்றேன். அவள் பிரேக் பிடித்த வேகத்தில் என் மூக்கு அவள் தலைக்கவசத்தில் இடித்தது. "பாத்தியா," என்றாள். "இது பேருதான் பிரேக்கு. உனக்குள்ள அப்படி எதுவும் கிடையாதா அண்ணா?"

மேலாளர் சும்மா சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓடுதளத்தில் ஒரு பெரிய குடை விரித்து, அதன் கீழே தலைமை இயக்குநரை உட்கார வைத்தோம். கையில் குளிர்பானம் கொடுத்தோம். அவர் பந்தயம் எதையும் பார்த்ததில்லை. எது நடந்தாலும் அதுதான் பந்தயம் என்று நம்பத் தயாராக இருந்தார். என் தங்கையை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் வந்திருந்தாள். ஓரமாக நின்றாள்.

மேலாளருக்கு வண்டியைக் கிளப்ப மெக்கானிக் கற்றுக்கொடுத்திருந்தார். இடது கைப்பிடியை அழுத்து, முதல் கியர் போடு, ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே இடது கையை மெல்ல விடு. அந்த இடது கையை மறுபடி எப்போது அழுத்துவது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. மேலாளரின் ஸ்கூட்டரில் இடது கையில் இருப்பது பிரேக். இந்த வண்டியில் அது கிளட்ச். இந்தச் சிறிய வேறுபாட்டை அவர் வேகமாகப் போகும்போதுதான் அறிந்துகொண்டார்.

முதல் வளைவுக்குள் வண்டி சாய்ந்தது. ஆக்ஸிலேட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. இன்ஜின் ஒரே சுருதியில் அலற, வண்டி முதல் கியரிலேயே ஓடுதளத்தைச் சுற்றத் தொடங்கியது. மேலாளர் நிறுத்துவதற்காக இடது கையை அழுத்தினார். பிடிப்பு விட்ட இன்ஜின் காது கிழியக் கத்தியது. பயந்துபோய்க் கையை விட்டார். வண்டி குதிரைபோல் ஒரு எம்பு எம்பியது. முன் பிரேக் வலது கையில்தான் இருந்தது. ஆனால் வலது கை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன வேகம்!" என்றார் தலைமை இயக்குநர். "நிக்கவே மாட்டேங்கிறாரே!"

"அவரு எப்பவுமே அப்படித்தான் சார்," என்றேன் நான். வாய் பழக்கம்.

மேலாளர் எங்களைக் கடந்தபோது ஏதோ கத்தினார். "கூட்டத்தை..." என்று மட்டும் கேட்டது. அடுத்த சுற்றில் "...கூட்டுங்க!" என்று மீதி வந்து சேர்ந்தது. அவசரக் கூட்டம் ஓடுதளத்தின் ஓரத்திலேயே கூடியது.

"தலைவர் இல்லாம கூட்டம் செல்லாது," என்றார் கணக்காளர்.

"அதோ வர்றாரே," என்றார் மெக்கானிக்.

"வர்றார்யா. இருக்க மாட்டேங்கிறாரே!"

நான் மேலாளர் எங்கள் எதிரே வரும்போது 'ஆஜர்' என்றும், போனதும் 'ஆஜர் இல்லை' என்றும் குறித்துக்கொண்டிருந்தேன். என் தங்கை ஓடிவந்து என் கையிலிருந்த பேனாவைத் தட்டிவிட்டாள்.

"ஆளு செத்துடுவாரு! நீ என்ன எழுதிட்டிருக்கே?"

பாதையின் ஓரத்துக்கு ஓடி, இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டு அவள் கத்தினாள். "சார்! இடது கை! அமுக்கிப் பிடிச்சுக்கோங்க! கத்தினா கத்தட்டும், விடாதீங்க!"

மேலாளர் கடந்துபோகும்போது பதில் வந்தது. "எதையும்..." அடுத்த சுற்றில், "...தலைவர் மூலமா..." அதற்கடுத்த சுற்றில் எதுவும் வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். தலைமைப் பண்பு முழுவதும் உதிர்ந்துபோய், அம்மா கையை விட்டுவிட்ட குழந்தையின் முகம் ஒன்று தலைக்கவசத்துக்குள் இருந்தது.

கணக்காளர் தீர்மானத்தின் முதல் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் தங்கையும் மெக்கானிக்கும் டயர் அடுக்குகளைப் பிடித்து இழுத்துச் சரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். உயரமாக நின்ற டயர்களைச் சரித்து ஒரு பெரிய மெத்தை மாதிரிப் பரப்பினோம். அவள் தன் சிவப்பு மேல்சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு அந்த மெத்தைக்கு நேர் முன்னால், பாதையின் நடுவிலேயே போய் நின்றாள்.

"வா இந்தப் பக்கம்!" என்று நான் அலறினேன்.

"நான் இங்க நின்னாதான் அவரு இங்க வருவாரு!"

வண்டி வளைவிலிருந்து நிமிர்ந்தது. அவள் சட்டையை வீசினாள். "இங்க! நேரா வாங்க சார்! டயர்ல விடுங்க! என்னைப் பாருங்க!"

அந்தக் குழுவின் வரலாற்றில் முதல் முறையாக ஒருவர் சொன்னதை மேலாளர் மறுபேச்சில்லாமல் கேட்டார். நேராக வந்தார். கடைசி நொடியில் அவள் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தாள். வண்டி டயர்களுக்குள் புகுந்தது. மேலாளர் வண்டியைவிட்டுக் கிளம்பி, இரண்டு டயர்களைத் தாண்டி, மூன்றாவது டயருக்குள் பத்திரமாக உட்கார்ந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சாய்ந்து கிடந்த வண்டி இன்னும் அலறிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தான் பொத்தான் இல்லையே. என் தங்கை தவழ்ந்துபோய், இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக் ஒயரைப் பிடித்து இழுத்தாள். ஷாக் அடித்துக் கையை உதறினாள். இன்ஜின் நின்றது.

குடைக்குக் கீழிருந்து கைதட்டல் கேட்டது. "அவசர நிறுத்தம் பிரமாதம்!" என்றார் தலைமை இயக்குநர்.

டயருக்குள்ளிருந்து மேலாளர் என்னைப் பார்த்து ஈனசுரத்தில் கேட்டார். "குறிப்பு... எழுதினீங்களா?"

வண்டி அடித்தளத்துக்குத் திரும்பியது. மறுநாள் சாயங்காலம் என் தங்கை அதைக் கிளப்பிப் பார்த்தாள். ஆக்ஸிலேட்டரைத் திருகி விட்டாள். 'சடக்' என்று திரும்பி வந்தது. கைப்பிடியை இடது பக்கம் திருப்பிப் பார்த்தாள், வலது பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் 'சடக்'. மோதலில் பெட்ரோல் டேங்க் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. குனிந்து பார்த்தபோது, டேங்கின் அடியில் ஆக்ஸிலேட்டர் கேபிள் நசுங்கிக் கிடந்த தடம் தெரிந்தது. இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் டேங்க் கேபிளைக் கவ்விப் பிடித்திருக்கிறது. இப்போது விட்டுவிட்டது.

"இவ்வளவுதானா!" என்று மெக்கானிக் தலையில் கைவைத்தார். "நான் கிரீஸா அப்பிட்டிருந்தேனேம்மா."

"நான்கூட கார்புரேட்டர்னுதான் நினைச்சேன்," என்றாள் அவள். கண்கள் மின்னின. பந்தயத்துக்கு இன்னும் நாள் இருந்தது. "கேபிளை இந்தப் பக்கமா மாத்திக் கட்டிட்டு, பொத்தானையும் மாட்டிட்டா ஓட்டலாம் அண்ணா. வண்டி சரியாயிடுச்சு!"

இந்த நற்செய்தியைக் குழுவுக்குத் தெரிவித்தவன் நான்தான். கையில் கட்டோடு தலைமை நாற்காலியில் இருந்த மேலாளர் கண்ணை மூடினார். திறந்தார்.

"சரியாயிடுச்சா? யார் சரி பண்ணினது?"

"மோதினதுல சார், டேங்க் நகர்ந்து..."

"மோதினது யார்?"

அவ்வளவுதான். கணக்காளர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஆலோசகர்களும் மெக்கானிக்குகளும் கைவிட்ட ஒரு பழுதை, தலைவர் நேரடியாகக் களத்தில் இறங்கி, தன் எலும்பையே கருவியாகப் பயன்படுத்தி, ஒரே மோதலில் நீக்கியிருக்கிறார். அந்த அறிக்கையை எழுதும் பேறு எனக்குக் கிடைத்தது. நன்றாக வந்திருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். பாதையில் சட்டையை வீசிக்கொண்டு நின்றவரைப் பற்றி, 'பார்வையாளர்களும் உற்சாகப்படுத்தினர்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன்.

என் தங்கை வண்டியைக் கேட்டு நேராக மேலாளரிடமே வந்தாள்.

"எழுதிக் குடுத்திருக்கீங்க சார். நான்தான் ஓட்டணும்."

"புரிஞ்சுக்கணும்மா," என்றார் அவர் கனிவாக. "இத்தனை நாள் பழுதா இருந்த வண்டி. இப்பதான் சரியாயிருக்கு. ஓட்டினா மறுபடியும் கெட்டுடாதா?"

வண்டி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. நசுங்கிய இடத்தின்மேல் சின்னம் மறுபடி வரையப்பட்டது. அந்த வருஷப் பெரிய பந்தயத்தை என் தங்கை படிக்கட்டு இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வண்டிகள் இடப்பக்க வளைவில் சாயும்போதெல்லாம் அவள் தோளும் சாய்ந்தது. முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அவள் எழவில்லை. நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம் அண்ணா," என்றாள். "நீ சொன்னா நல்லா இருக்கும். அதான் வேணாம்."

அறிக்கை தலைமை அலுவலகத்தை எட்டியது. எங்கள் மேலாளர் நிறுவனம் முழுமைக்கும் 'பாதுகாப்புத் துறைத் தலைவ'ராக உயர்த்தப்பட்டார். ஊரில் எங்கள் நிறுவனம் பராமரிக்கும் ஒவ்வொரு லிஃப்டின் கம்பியும் பிரேக்கும் அன்றிலிருந்து அவர் பொறுப்பு. மருத்துவமனை லிஃப்டும் அதில் சேர்த்தி.

பாராட்டு விழா தலைமை அலுவலகத்தின் ஒன்பதாம் மாடி மண்டபத்தில். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பது எங்கள் கிளைதான். நான் கீழே போய்ச் சேர்ந்தபோது லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. உள்ளே விளக்கெரிந்தது, மெல்லிய இசை ஒலித்தது, ஆள் இல்லை. நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கணக்காளர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம். ஐந்தாம் மாடியில் மெக்கானிக் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். ஏழாம் மாடியில் எங்கள் அலுவலகமே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் எங்கள் நிறுவனத்தில் ஏகமனதாக நடந்த காரியம் அது ஒன்றுதான். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, விழா நாயகரும் வந்து சேர்ந்தார்.

அப்போது லிஃப்ட் மணி அடித்தது. கதவு திறந்தது. எங்கள் முக்கிய வாடிக்கையாளர்கள் குடும்பத்தோடு, கைக்குழந்தைகளோடு, வியர்வை வாசமே இல்லாமல் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெரியவர் எங்களை ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"என்ன சார், லிஃப்ட்தான் நல்லா ஓடுதே! நீங்கள்லாம் ஏன் படியில வந்தீங்க?"

பாதுகாப்புத் துறைத் தலைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைகூப்பிச் சிரித்தார்.

"எங்க நிறுவனத்துல எப்பவும் வாடிக்கையாளருக்குத்தான் முதலிடம் சார்!"

நாங்கள் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே கைதட்டினோம்.